அறுபது செத்த பேட்டரிகள்

முதல் அடியை யார் அடித்தது என்று ஏட்டு கேட்டார். "நான்தான் சார்" என்றாள் கிளியம்மாள்.

1993ஆம் வருடம், மே மாதம். தாம்பரத்தில் ஒரு போலீஸ் நிலையத்தில் அவளுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பதினெட்டு வயது. இருவரும் ஒரே தெரு. அவள் சொல்லச் சொல்லப் புகாரை எழுதிக் கொடுப்பதற்காக என்னைக் கூட்டி வந்திருந்தாள். நான் மூன்று வரி எழுதுவதற்குள் ஏட்டு ஞானையா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தானே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அடிபட்டவளும் நீ, புகார் கொடுப்பவளும் நீ, முதலில் அடித்ததும் நீயே என்றால் புகார் எப்படி நிற்கும் என்று அவர் கேட்டார். அவனுக்கு இரண்டு பல் போயிருக்கிறது, அது தானாக விழுந்ததாகவா எழுதச் சொல்கிறீர்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள். எதனால் அடித்தாய் என்றார்.

"பேட்டரியால."

பேனா நின்றது. "கார் பேட்டரியா?"

"கார் பேட்டரிய எவன் சார் தூக்குவான்? பென்சில் பேட்டரி. செத்தது. மஞ்சப்பைல போட்டு வெச்சிருந்தேன். ஒரு அறுவது இருக்கும்."

அறுபது செத்த பேட்டரியை ஒருத்தி எதற்காகப் பையில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார். வெயிலில் காய வைக்க என்றாள். காய வைத்து? கடிக்க என்றாள். ஏட்டு என்னைப் பார்த்தார். உண்மைதான் என்று நான் தலையாட்டினேன்.

அவன் எதற்காக உன் கையை உடைத்தான் என்று அடுத்துக் கேட்டார். கை இல்லை, கட்டைவிரல் மட்டும்தான் என்று அவள் திருத்தினாள். அதற்கு முன்னால் அவன் அப்படி என்ன செய்துவிட்டான், எடுத்தவுடன் பல்லை உடைக்கும் அளவுக்கு?

"திருடின்னு சொன்னான் சார். வாயில சொன்னான். வாயில அடிச்சேன்."

ஏட்டு எல்லாவற்றையும் எழுதி ஒருமுறை படித்துக் காட்டினார். பிறகு பழக்கத்தில் ஊதா மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தி, கைநாட்டு வைக்கச் சொன்னார். கிளியம்மாள் வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். கட்டைவிரல் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குத் துணிக்கட்டு. ரத்தம் ஊறிக் காய்ந்து அதன் நுனி கறுத்திருந்தது.

"எத்த சார் வெக்கறது?"

அவர் மைப்பெட்டியை மூடினார். அவள் இடது கையால் பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள்.

அன்று நடந்தது புரிய வேண்டுமானால் அவளை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கிளியம்மாள் பிறந்தது கோவிலம்பாக்கத்தில். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த நாட்களில் அவள் வீட்டார் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். பத்தொன்பது வயதில் மேடவாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்தைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை. எட்டு மாதம் அவன் அடித்தான், ஒன்பதாவது மாதம் நான் அடித்தேன் என்றாள். அவன் சாப்பிட உட்காரும்போது உலக்கையை முழங்காலில் இறக்கியிருக்கிறாள். எலும்பு உடைந்த சத்தம் முறுக்கு உடைத்ததுபோல் இருந்தது என்றாள். அன்று கீழ்க்கட்டளை வழியாகப் பல்லாவரம் வரை நடந்து, மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கியவள் திரும்பிப் போகவில்லை.

தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் வந்தபோது அவளுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கால்குலேட்டர் சேர்க்கும் வேலை. கண்ணாடித் திரைக்கும் கீழே இருக்கும் பச்சைப் பலகைக்கும் நடுவில் கறுப்பும் வெள்ளையுமாக வரி போட்ட ஒரு ரப்பர் துண்டு உட்கார வேண்டும். அது ஒரு முடி அளவு விலகினாலும் எண்ணில் ஒரு கோடு காணாமல் போகும்; எட்டு ஆறாகத் தெரியும். ஒரு நாளைக்கு நானூறு துண்டுகளைக் கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைத்தாள். இரண்டு வருடம் போயிற்று. மேற்பார்வை பார்த்தவன் ஒருவன் வரிசையில் போகும்போதெல்லாம் பெண்களின் இடுப்பைக் கிள்ளுவான். அவள் முறை வந்தபோது சூடாக இருந்த, ஈயம் பற்றவைக்கும் கம்பியை அவன் புறங்கையில் வைத்து அழுத்தினாள். தோல் கருகிய வாசனை போவதற்கு முன்பே வேலை போயிற்று.

வேலை போனாலும் அந்தக் கட்டைவிரல் அவளிடம் இருந்தது. தாம்பரம் மேற்கில், ரயில் நிலையத்தை ஒட்டிச் சவுரிமுத்துவின் டீக்கடை. அந்தக் கடைச் சுவரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரம், கால்குலேட்டர் பழுதுபார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் யாரோ ஒருவர், சிங்கப்பூரிலிருந்து வந்த சிகரெட் பெட்டி அளவுள்ள விளையாட்டு மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். படம் வரவில்லை. சரிசெய்தாள். கொடுத்தவர் திரும்பி வரவே இல்லை.

அதுதான் அவளுடைய முதல் மிஷின். இரண்டு பொத்தான். மேலேயிருந்து விழும் முட்டைகளை ஒரு மனிதன் கூடையில் பிடிக்க வேண்டும். அந்த மனிதன் நிற்க நான்கு இடம் மட்டும்தான் உண்டு. நான்கும் கண்ணாடியில் முன்பே வரைந்திருப்பவை. ஒன்று தெரியும்போது மற்ற மூன்றும் மறைந்திருக்கும். அவனால் ஐந்தாவது இடத்துக்குப் போகவே முடியாது. பொத்தான் அளவுள்ள பேட்டரி, மாதக்கணக்கில் தீராது. கிளியம்மாள் அதை சைக்கிள் சங்கிலியால் பெஞ்சுக் காலோடு பிணைத்து, பஸ்ஸுக்கும் வண்டிக்கும் காத்திருக்கும் ஆண்களுக்கு வாடகைக்குக் கொடுத்தாள்.

நேரத்தை அவள் கடிகாரத்தால் அளக்கவில்லை. ஒரு ஆட்டம் என்றால் பீச் ஸ்டேஷனுக்குப் போகும் அடுத்த ரயில் வண்டி கிளம்பும்வரை. வண்டி தாமதமானால் ஆடுகிறவனுக்கு அதிர்ஷ்டம். சீக்கிரம் கிளம்பினால் போயிற்று. ஹாரன் கேட்டதும் கையை நீட்டுவாள். கொடுக்காதவன் மணிக்கட்டில் அடி விழும். இதனால் சண்டை வராத நாளே கிடையாது. தோற்றவன் பக்கத்தில் சிரித்தவனை அடிப்பான். ஒருமுறை கிண்டியில் லேத் ஓட்டும் ஒரு ஆள், முட்டை நழுவிய கோபத்தில் சங்கிலியோடு மிஷினை இழுத்துப் பெஞ்சுக் காலைப் பெயர்த்துவிட்டான். அவன் தலையில் கிளியம்மாள் சவுரிமுத்துவின் பால் குவளையைப் போட்டாள். சவுரிமுத்து ஆளைப் பார்க்கவில்லை, குவளை நெளிந்துவிட்டதா என்று பார்த்தார். கூட்டம் வந்தால் டீ விற்கும் என்பதால் அவளை அவர் அங்கே இருக்க விட்டார். அந்த இடத்துக்கு அவளிடம் இருந்த ஒரே உரிமை அதுதான்.

1991இல் சாம்பல் மிஷின் வந்தது. ஆங்கிலத்தில் கேம் பாய் என்று போட்டிருக்கும். எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. மீனம்பாக்கத்தில் சுமை தூக்கும் ஒருவர் மூலமாகக் கிடைத்தது. தன் தோட்டைக் கொடுத்து வாங்கினாள். செங்கல் கனம். இடது பக்கம் சிலுவை மாதிரி ஒரு பொத்தான், வலது பக்கம் இரண்டு வட்டப் பொத்தான். பாசி படிந்த தண்ணீர்போன்ற பச்சைத் திரை. வண்ணம் இல்லை, உள்ளே விளக்கு இல்லை. ஆனால் அதில் படம் எங்கே வேண்டுமானாலும் போகும். அட்டையை மாற்றிச் செருகினால் வேறு ஆட்டம்.

அதோடு ஒரு ஆங்கிலப் புத்தகம் வந்திருந்தது. ஐந்தாவது வரை தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் படித்தவள் தெருவில் நான் ஒருத்திதான் என்பதால் அதைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவளுக்கும் பேச்சு தேவைப்படவில்லை. நோட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: இடது கட்டைவிரல் நகர்த்தும், வலது கட்டைவிரல் திருப்பும்.

அவளுக்குப் பிடித்தது கட்டைகள் விழும் ஆட்டம். நான்கு சதுரம் சேர்ந்த கட்டைகள் மேலேயிருந்து விழும். திருப்பி, நகர்த்தி, இடைவெளி இல்லாமல் அடுக்கினால் ஒரு வரி மறையும். அடுக்க அடுக்க வேகம் கூடும். நானூறு ரப்பர் துண்டுகளை நாள்தோறும் அடுக்கிய கைக்கு அது வேலை மாதிரியே இருந்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் அவளை வெல்ல ஆள் இல்லை.

ஆனால் அந்த மிஷினுக்கு ஒரு குணம். அணைத்தால் மறந்துவிடும். எவ்வளவு ஸ்கோர் எடுத்திருந்தாலும் மறுபடி போடும்போது எல்லாம் பூஜ்யம். அதனால் அவள் சுவரில் சாக்பீஸால் எழுதினாள்: 1,12,486. அதைத் தாண்டுகிறவன் வாரம் முழுக்க வாடகை இல்லாமல் ஆடலாம். பெருங்களத்தூரிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் ஆட்கள் அந்த எண்ணைத் தாண்ட வந்தார்கள். விமானப்படைக் குடியிருப்பிலிருந்து ஒரு சமையல்காரர் நாள் தவறாமல் வந்தார். எண்ணைப் பார்ப்பார்கள், ஆடுவார்கள், தோற்பார்கள், ஒருவரை ஒருவர் சட்டையைப் பிடிப்பார்கள், டீ குடிப்பார்கள். எல்லாமே அந்த எண்ணால்தான் ஓடியது.

இதைத்தான் ஜெயவேலு சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயது. அவனுடைய அப்பா மேடவாக்கத்தில் நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றவர். 1992 தீபாவளிக்கு அவன் ஷட்டர் வைத்த ஒரு கடையைத் திறந்து, நான்கு கலர் மிஷின்களை வரிசையாக வைத்தான். கேம் கியர் என்று பெயர். அகலமானவை; திரைக்குப் பின்னால் விளக்கு எரியும்; சிவப்பு சிவப்பாகவே தெரியும், நீலம் நீலமாகவே தெரியும். முதல் மாலையில் கிளியம்மாளின் பெஞ்சில் ஒருவர்கூட இல்லை. சமையல்காரரும் சாலையைக் கடந்துவிட்டார்.

இரண்டாவது நாள் மதியம் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். கலர் மிஷின் வெயிலில் வெளுத்துப்போகும். என்ன விழுகிறது என்றே தெரியாது. சாம்பல் மிஷினுக்கு வெயில் ஏற ஏறத் திரை தெளியும். ஆகவே பகல் அவளுக்கு, இருட்டினால் அவனுக்கு என்று ஆயிற்று. கரண்ட் போனால் அவன் கடை பேட்டரிக்கு மாற வேண்டும். சுவர் கரண்ட்டைக் கொடுக்கும் எலிமினேட்டர் இல்லாமல் ஓட்ட ஒவ்வொரு கலர் மிஷினுக்கும் ஆறு பேட்டரி வேண்டும். மூன்று, நான்கு மணி நேரத்தில் ஆறும் சாகும். அவளுடைய மிஷினுக்கு நான்கு போதும். அது நாள்கணக்கில் ஓடும். சாலையின் இரண்டு பக்கமும் இதையே சொல்லிக் கேலி செய்துகொண்டார்கள். கிளியக்கா மிஷின் குருட்டு மிஷின் என்பார்கள் அந்தப் பக்கம். உங்க மிஷின் தீனிப்பண்டாரம் என்பார்கள் இந்தப் பக்கம். கேலி இரண்டு முறை கைகலப்பில் முடிந்தது. இரண்டாவது முறை ஒருவனுக்குக் காது கிழிந்து தையல் போட்டார்கள்.

ஜெயவேலு செத்த பேட்டரிகளைக் கடைக்குப் பின்னால் சாக்கடையோரம் கொட்டுவான். கிளியம்மாள் விடிந்ததும் போய்ப் பொறுக்குவாள். டீக்கடையின் தகரக் கூரையில் வெயிலில் பரப்புவாள். சாயங்காலம் எடுத்து ஒவ்வொன்றையும் கடைவாயில் வைத்துத் தகரம் லேசாக நெளியும்வரை கடிப்பாள். எங்கள் பக்கத்தில் டார்ச் லைட்டுக்கு எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை. விளக்கை எரிக்கத் திராணி இல்லாத பேட்டரியில் சாம்பல் மிஷினை ஓட்டும் அளவுக்குத் திராணி மிச்சம் இருக்கும். அவன் குப்பையில் அவளுடைய மிஷின் வாரம் முழுக்க ஓடியது. முழுக்கத் தீர்ந்தவற்றையும் அவள் எறியவில்லை. இன்னொருமுறை காய வைக்கலாம் என்று மஞ்சப்பையில் போட்டு, பெஞ்சுக்கு அடியில் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். சண்டை பிடிக்க வருகிறவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜெயவேலு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான். தன் கடையில் பேட்டரி பெட்டி பெட்டியாகக் காலியாகிறது. எதிரில் ஒருத்தி ஐந்து மாதமாக ஒரு பேட்டரிகூட வாங்காமல் மிஷின் ஓட்டுகிறாள். செத்த பேட்டரி ஓடும் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. அவனுடைய மிஷினில்தான் அது ஓடவில்லையே. எனவே தன் புது பேட்டரிகள்தான் அங்கே போகின்றன என்று முடிவு செய்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. காலையிலிருந்து கரண்ட் இல்லை. பேட்டரியும் தீர்ந்து கலர் மிஷின்கள் நான்கும் அணைந்து, கூட்டம் முழுக்க இந்தப் பக்கம் வந்திருந்தது. நோட்டைத் திருப்பி வாங்கிப்போக நானும் வந்திருந்தேன். ஜெயவேலு சாலையைக் கடந்து வந்தான், பின்னால் அவன் ஆட்கள் இரண்டு பேர். கூரையில் கை விட்டுத் தட்டோடு பேட்டரிகளை இழுத்துச் சாலையில் கவிழ்த்தான். அவை எல்லாத் திசையிலும் உருண்டன.

"இன்னா கிளி, இதெல்லாம் எத்தினி நாளா?" என்றான். கூட்டத்தின் பக்கம் திரும்பி, இது என் கடைச் சரக்கு என்றான். அவள் பெஞ்சிலிருந்து எழவில்லை. குப்பையில் எடுத்தது என்று மட்டும் சொன்னாள். அவன் சிரித்தான். பிறகு உள்ளங்கையில் எச்சிலைத் துப்பிச் சுவரில் இருந்த எண்ணின் மேல் தேய்த்தான். வெள்ளையாக ஒரு தீற்றல் மட்டும் மிஞ்சியது.

"இத்த எவன் பாத்தான்? மிஷின்ல கீதா இந்த நம்பர்? பேட்டரியும் திருட்டு, நம்பரும் திருட்டு. திருடி."

பை எப்போது அவள் கைக்கு வந்தது என்று நான் பார்க்கவில்லை. கீழிருந்து மேலாக ஒரு சுற்று. அறுபது பேட்டரியும் அவன் வாயில் இறங்கின. தேங்காய் உடைத்த மாதிரி இருந்தது. அவன் குனிந்து கையை வாயில் வைத்தான். விரல்களுக்கு நடுவில் ரத்தம் கயிறுகயிறாக இறங்கியது. ஒரு பல் சமையல்காரரின் டீ டம்ளரில் விழுந்திருந்தது. இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவதில் பை கிழிந்தது. அதற்குள் மற்ற இருவரும் அவளைப் பிடித்துவிட்டார்கள்.

ஒருவன் கூந்தலைப் பிடித்துச் சாலையைக் கடந்து இழுத்தான். இன்னொருவன் விலாவில் உதைத்துக்கொண்டே வந்தான். அவள் அவன் தொடையைக் கடித்தாள். அவன் முட்டியால் அவள் முகத்தில் இடித்தான். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவளைத் தரையில் குப்புறப் போட்டு முதுகில் ஒருவன் ஏறி உட்கார்ந்தான். மற்றவன் அவளுடைய வலது கையை இழுத்து, வாசல் இரும்பின் மேல் கட்டைவிரல் மட்டும் படும்படி வைத்தான். ஜெயவேலு இரண்டு கையாலும் ஷட்டரைப் பிடித்து இழுத்துவிட்டான்.

அவள் கத்தவில்லை. நானும் கத்தவில்லை. நான் கத்தியிருக்க வேண்டும். முப்பது பேர் நின்றிருந்தோம். ஷட்டரைத் தூக்கிவிட்டது சவுரிமுத்து மட்டும்தான், அதுவும் ஒரு நிமிடம் கழித்து.

அவளை ஆட்டோவில் ஏற்றும்போது ஜெயவேலு ஒரு கையால் வாயில் துண்டை அமுக்கிக்கொண்டு, கடையில் இருந்த சுண்ணாம்பு வாளியில் வெள்ளையடிக்கும் மட்டையை முக்கி வந்தான். எண் இருந்த இடத்தில், தூரத்திலிருந்தே தெரியும் அளவுக்குப் பெரிதாக எழுதினான்: திருடி.

மறுநாள்தான் நாங்கள் போலீஸ் நிலையம் போனது. அவள் கையெழுத்துப் போட்ட பிறகு ஏட்டு ஞானையா உடனே எங்களை அனுப்பிவிடவில்லை. செத்த பேட்டரி எப்படி ஓடும் என்ற கேள்வி அவரையும் அரித்திருக்க வேண்டும். ஆளை அனுப்பி ஜெயவேலுவையும் ஒரு கலர் மிஷினையும், பெஞ்சிலிருந்து சாம்பல் மிஷினையும் வரவழைத்தார். அவன் வாயில் பஞ்சு அடைத்திருந்தது. கலர் மிஷினைப் போடச் சொன்னார். சிவப்பு விளக்கு ஒரு கணம் எரிந்தது, திரை வெளுத்தது, அணைந்தது. இந்த பேட்டரி செத்துவிட்டதா என்று கேட்டார். செத்துவிட்டது என்று அவன் தலையாட்டினான். அந்த ஆறில் நான்கை எடுத்துச் சாம்பல் மிஷினில் போடச் சொன்னார். நான்தான் போட்டேன். டிங் என்றது. கட்டைகள் விழ ஆரம்பித்தன.

ஏட்டு அதை வாங்கி ஆடினார். நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். முக்கால் மணி நேரம் ஆடினார். அது நிற்கவில்லை.

"உன் குப்பைலதான்டா அவ பொழைக்கறா. குப்பைய எடுத்தா திருட்டா?" என்றார் ஜெயவேலுவிடம். இரண்டு பேருக்கும் காயம், இரண்டு பேரும் சமாதானமாகப் போங்கள் என்று தாளில் எழுதி அவனிடமும் கையெழுத்து வாங்கினார்.

அவன் பஞ்சோடு பேசினான். "பேட்டரி சரி சார். நம்பரு?"

ஏட்டு சாம்பல் மிஷினை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் ஆடி எடுத்தது நாலாயிரத்துச் சொச்சம்.

கட்டுப் பிரித்தபோது கட்டைவிரல் இருந்தது, ஆனால் மடங்கவில்லை. நகம் இல்லாமல், பக்கவாட்டில் சாய்ந்து, அடித்த ஆணிபோல நின்றது. சவுரிமுத்து அந்தச் சொல்லின் மேல் வெள்ளையடித்துவிடுகிறேன் என்று மட்டையோடு வந்தார். தொடாதே என்றாள். நம்பரைப் போட்டுவிட்டுத்தான் அதை அழிப்பேன் என்றாள். அவர் சங்கடப்பட்டார். டீ குடிக்க வருகிறவன் எல்லாம் திருடி என்று படித்துவிட்டுச் சிரிக்கிறான். எண்ணைத் தாண்ட வந்தவர்கள் எண்ணே பொய் என்று வராமல் போய்விட்டார்கள். ஆவணி பிறக்கும்வரை பார்க்கிறேன், பிறகு அந்த இடத்தில் வெற்றிலைப் பாக்குக் கடை போட ஒருவர் கேட்கிறார் என்று என்னிடம் சொன்னார், அவளிடம் சொல்லும்படி. நான் சொன்னேன். ஆவணிக்கு எத்தனை நாள் என்று கேட்டாள்.

எண்ணைத் திரும்ப எடுப்பது ஒன்றுதான் வழி, அதுவும் பார்வையாளர்கள் முன்னால். வலது ஆள்காட்டி விரலால் திருப்பிப் பார்த்தாள். மிஷினை முழங்காலில் வைத்து முழங்கையால் அழுத்திப் பார்த்தாள். ஒருநாள் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக் கால் கட்டைவிரலால் அழுத்துவதையும் பார்த்தேன். வேகம் கூடும்வரை சமாளிப்பாள். பிறகு கட்டைகள் திரும்பாமலே வந்து குவியும். இருபதாயிரத்தைத் தாண்டவில்லை. ஒருவன் குனிந்து பார்த்து, "இன்னா திருடி, ஒரு ஆட்டம் குடேன்" என்றான். இடது கையால் அவன் மூக்கில் குத்தினாள். அந்தக் கைக்குப் பழக்கம் இல்லை; அவன் விழவில்லை. அவன் திருப்பி அடித்த அடியில் அவளுக்கு உதடு கிழிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி ஆட உட்கார்ந்தாள்.

இப்போது 1999. அந்தச் சாலையில் யாரும் மிஷினை வாடகைக்கு எடுப்பதில்லை. மூன்று, நான்கு வருடம் முன்பு பர்மா பஜாரிலிருந்து மலிவான மிஷின்கள் வந்து குவிந்தன. கட்டை விழும் ஆட்டம் மட்டுமே ஆடுபவை, ஆனால் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டம் என்று மேலே பொய் எழுதியிருக்கும். பேட்டரி இரண்டே இரண்டு. மின்சார ரயிலில் பாதிப் பேர் கையில் அது இருந்தது. சாம்பல் மிஷினும் கலர் மிஷினும் ஒரே வருடத்தில் தோற்றன. கலரும் வேண்டும், நாள்கணக்கிலும் ஓட வேண்டும் என்று இரண்டையும் சேர்த்த சின்ன மிஷின் ஒன்று போன வருடம் வந்திருக்கிறது, இரண்டே பேட்டரியில். அதை வாங்கியவர் யாரையும் எங்கள் தெருவில் எனக்குத் தெரியாது. ஜெயவேலு கோவிலம்பாக்கத்தில் மனை விற்கிறான்; சிரிக்கும்போது முன்பல் இரண்டும் மற்றவற்றைவிட வெள்ளையாகத் தெரியும். கிளியம்மாள் அதே பெஞ்சில் ரிமோட்டும் மிக்ஸியும் பழுதுபார்க்கிறாள். கையில் நிற்காத திருகாணியைப் பல்லில் பிடித்துக்கொள்கிறாள்.

பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் ஒரு எண் இருக்கிறது: 1,19,038. முதலில் சாக்பீஸில் இருந்தது. பிறகு சவுரிமுத்து அந்தக் கோட்டின் மேலேயே பச்சைப் பெயிண்ட் இழுத்தார். எழுத்து என்னுடையது. அதற்கு அடியில் இருந்த சுண்ணாம்புச் சொல்லை ஈரத்துணியால் தேய்த்து அழித்தது ஜெயவேலு. அவனே துணியைக் கேட்டு வாங்கினான்.

அந்த எண் வந்தது 1993லேயே, ஆடி மாதம் கடைசி ஞாயிறு. மதியம் வெயில் நன்றாக இருந்தது. கிளியம்மாள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். ஏதோ படித்துச் சொல்லத்தான் என்று நினைத்துப் போனேன். ஐம்பது பேருக்குமேல் நின்றிருந்தார்கள். ஏட்டு ஞானையா சாதாரண உடுப்பில் வந்திருந்தார். ஜெயவேலு கையைக் கட்டிக்கொண்டு முன் வரிசையில் நின்றான். அவள் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். நான் கூட்டத்தின் ஓரத்திலேயே நின்றேன். உட்காரு என்றாள். உட்கார்ந்தேன். மிஷினின் இடது பாதியைத் தன் இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது பாதியை என் வலது கையில் வைத்தாள். தோளோடு தோள் இடித்தது. அவள் வாயில் பேட்டரித் தகரத்தின் வாசனை வந்தது. கூட்டத்தைப் பார்க்காமல், திரையையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான் நகத்துவேன். நீ திருப்பு. நான் ம் சொல்றப்போ மட்டும். ரெண்டு ம்னா ரெண்டு தடவ. நீயா யோசிச்சு எதையும் திருப்பிடாத பாப்பா. தப்பாப் போனா அது என் தப்பா இருக்கணும்."